உரியவர் இல்லாத இறைச்சி

ஸ்டாலின் நகரம்
11 மே 1952

அன்புள்ள தம்பி சீமோனுக்கு,

ஒரு மனிதனை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அவன் ஊர்க் கொழுப்புக் கோபுரத்தில் தொங்கவிட்டுப் போன இறைச்சி யாருடையது? இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. பன்றியின் எலும்பு, ஈரல், குடல் பற்றிக் கேட்டால் சொல்லுவேன். இருபத்து நான்கு வருடமாக வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் கேள்விக்குப் பதில் என் பாடப்புத்தகத்தில் இல்லை. உன் வேதப் புத்தகத்தில் இருக்கிறதா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

நான் சௌகரியமாகவே இருக்கிறேன். கண் மட்டும் மாலையில் மங்குகிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? ரெகினேயின் கால் வீக்கம் வடிந்ததா? இந்த இரண்டுக்கும் தவறாமல் பதில் எழுது. போன கடிதத்தில் இரண்டையும் விட்டுவிட்டாய்.

உன் கடிதம் வந்து சேர மூன்று வாரம் ஆனது. உறையில் மறுபடியும் 'குரோன்ஸ்டாட்' என்று எழுதியிருந்தாய். எங்கள் ஊருக்குப் பெயர் மாறி இரண்டு வருடமாகிறது. தபால்காரர் கொடுக்கும்போதே, "உங்க தம்பி செத்துப்போன ஊருக்கே கடுதாசி போடுறாரு டீச்சரம்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருந்தாலும் புதுப் பெயரையே எழுது. பெயரில் என்ன இருக்கிறது?

இன்னொன்று. உன் கையெழுத்து ரொம்பப் பெரிது. தூரத்தில் நின்றே படித்துவிடலாம். கொஞ்சம் சின்னதாக எழுதப் பழகு.

லாரியில் கொண்டுபோன டோன்ச், ஸிகேலி, ப்ரைட் மூன்று குடும்பத்தைப் பற்றியும் ஏதாவது செய்தி வந்ததா? ப்ரைட்டின் மூத்த பெண் என்னிடம் ஒரு வருடம் படித்தாள். செடிகளை நன்றாக வரைவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
ஹெர்மினே


ஸ்டைன்பாக்
8 ஜூன் 1952

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. ரெகினேயின் கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டுகிறாள். எங்கள் இருவருக்கும் வேறு குறை இல்லை. உன் கண்ணுக்கு மருத்துவரைப் பார். செடி வரைந்த அந்தப் பெண்ணையும் சேர்த்து மூன்று குடும்பத்தைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை.

என் கையெழுத்தைச் சின்னதாக்க முடியாது. ஒப்ரியாவின் முகத்துக்கு நேரே சொல்லாத எதையும் நான் உனக்கு எழுதுவதில்லை. ஆகவே யார் படித்தாலும் சரி.

ஒப்ரியா யார் என்று கேட்பாய். ஊரை நிர்வகிக்கும் மக்கள் மன்றத்துக்குப் புதிதாக வந்திருக்கும் செயலாளர். போன ஞாயிறு கொழுப்புக் கோபுரம் திறக்கிற நேரத்துக்கு வந்து நின்றார். நீ சின்ன வயதில் பார்த்ததுதான், எதுவும் மாறவில்லை. ஆலயத்தின் முதல் மணி அடித்ததும் காவலர் கிர்ரெஸ் கதவைத் திறக்கிறார். வீட்டுக்கு ஒருவர் உள்ளே போய், தங்கள் கொக்கியில் தொங்கும் பன்றிக் கொழுப்புப் பாளத்தில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை வெட்டுகிறார்கள். வெட்டின முகத்தில் கிர்ரெஸ் அந்த வீட்டுக் குறி இரும்பால் சூடு போடுகிறார். இரண்டாம் மணி அடிப்பதற்குள் பூட்டிவிடுவார். அடுத்தவர் கொக்கியை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பசி வருடங்களில்கூடப் பார்த்ததில்லை.

அந்த மூன்று வீட்டுப் பாளங்களும் மார்ச் மாதம் விட்ட இடத்திலேயே தொங்குகின்றன. ஒப்ரியா அதைக் கைகாட்டினார்.

"இது யாரோடது, போதகரே?"

"டோன்ச் வீடு. அது ஸிகேலி. அது ப்ரைட்."

"அவங்கதான் இங்க இல்லையே."

"இல்ல. நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க. எப்பக் கொண்டாந்து விடுவீங்கன்னு சொன்னா நானும் அவங்க வீட்டு அடுப்பப் பத்தவச்சு வைப்பேன்."

கிர்ரெஸ் இருமினார். அவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. ஒப்ரியாவும் சிரித்தார், அக்கா. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆலயத் தோட்டத்தில் என்னோடு உட்கார்ந்து வெளிப்படையாகவே பேசினார்.

"இந்தப் பன்றிக் கொழுப்பு எனக்கு எதுக்கு? ரெண்டு ஆள அனுப்புனா அஞ்சு நிமிஷத்துல இறக்கிருவாங்க. அப்படி இறக்குனா நாங்க திருடினதா ஊர் சொல்லும். அந்த வீட்டுக்குள்ள யாரும் குடிபோக மாட்டேங்கிறாங்க. நிலத்த எடுத்துக்கச் சொன்னா, 'அவங்க பாளம் தொங்குதே'ங்கிறாங்க. கூட்டுப் பண்ணைக்கு இந்த ஊர்ல ஒரு கையெழுத்து விழல. நீங்க ஆலயத்துல ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க: இது உரியவர் இல்லாத இறைச்சி. அவ்வளவுதான். நான் உங்கள ஒண்ணும் கட்சியில சேரச் சொல்லல."

"உரியவங்க இருக்காங்களே."

"எங்க?"

"அத நான்தான் உங்ககிட்டக் கேக்கணும்."

அப்போது சிரிப்பு நின்றது. அறுவடை முடிகிற வரை யோசிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு உணவைப் பதுக்கியதாக என் மேல் வழக்கு வருமாம். அந்த வழக்குக்கு எத்தனை வருடம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் வீரன் இல்லை என்பது உனக்குத் தெரியும். நாய்க்குப் பயந்து வேலி ஏறினவன். ஆனால் அந்த வார்த்தை என் வாயில் வர மாட்டேன் என்கிறது.

அன்புத் தம்பி,
சீமோன்


ஸ்டாலின் நகரம்
6 ஜூலை 1952

அன்புள்ள சீமோனுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் நின்றது நல்ல செய்தி.

போன வாரம் தலைமையாசிரியர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். அங்கே வேறொருவரும் இருந்தார். ரொம்ப மரியாதையானவர். நான் வந்ததும் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். உன் நலம் விசாரித்தார். உன் இருமல் நின்றது அவருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த வருடமும் நான் இதே வகுப்புகளை எடுக்க வேண்டும் என்பது தன் விருப்பம் என்றார். வேறொன்றும் இல்லை.

நீ எழுதியதை நிதானமாக யோசித்தேன். நீ அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமலே இதை முடிக்க வழி இருக்கிறது. அது பொய்யும் இல்லை.

அந்தப் பாளங்கள் மார்ச் மாதத்திலிருந்து வெட்டப்படவில்லை. வெட்டாத பாளத்தில் கொழுப்பு வண்டு ஏறும். கறுப்பு உடல், முதுகின் குறுக்கே சாம்பல் நிறப் பட்டை. அறிவியலில் டெர்மெஸ்டெஸ் லார்டாரியுஸ் என்று பெயர். புழுக்கள் உடம்பெல்லாம் மயிரோடு இருக்கும். கொழுப்பைத் தின்று முடித்ததும் கூடு கட்ட உத்தரத்து மரத்தையும் குடையும். மூன்று பாளத்தில் ஏறியது கோடை முடிவதற்குள் கோபுரம் முழுக்கப் பரவிவிடும். அதனால் ஊரைக் கூட்டி, "இது கெட்டுவிட்டது, மற்றவர்களுடையதையும் கெடுக்கும், எரித்துவிடுவோம்" என்று சொல். கெட்ட இறைச்சிக்கும் உரியவர் உண்டுதானே? யாருடையது என்ற பேச்சே வராது. அந்த மனிதருக்கும் கோபுரம் காலியாகிவிடும். உனக்கும் மனச்சாட்சி மிஞ்சும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சீமோன். இது வெறும் சுகாதாரம்.

ரெகினேயின் காலுக்கு முட்டைக்கோஸ் இலை மட்டும் போதாது. உப்பைக் குறைக்கச் சொல். என் கண் பரவாயில்லை.

அக்கா,
ஹெர்மினே


ஸ்டைன்பாக்
17 ஆகஸ்ட் 1952

அன்புள்ள மதினிக்கு,

ரெகினே எழுதிக்கொள்வது. உங்கள் தம்பி இல்லாத நேரத்தில் எழுதுகிறேன். அவர் சுகமாகத்தான் இருக்கிறார், அறுவடைக்கு ஆள் போதாததால் வயலுக்குப் போகிறார். பதில் வராததற்கு அதுதான் காரணம் என்று உங்களிடம் சொல்லச் சொன்னார்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "அக்கா சொல்றதுல ஒரு தப்பும் இல்ல, ரெகினே" என்றார். அப்புறம் வெளியே போய் விறகு பிளந்தார். ஆகஸ்ட் மாதத்தில் எதற்கு விறகு? நான் கேட்கவில்லை.

மதினி, எனக்கு உங்கள் யோசனை பிடித்திருந்தது. இந்த வீட்டில் யாராவது ஒருவர் புத்தியோடு பேச மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். கோபுரத்தில் வண்டு இருப்பது உண்மைதான். சபை மூப்பர் க்ளோஸ் தன் பாளத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். ஆனாலும் அந்த மூன்றையும் இறக்கலாம் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. "அது என் பாளம் இல்ல, நான் எப்படிச் சொல்றது" என்கிறார்கள்.

நான்தான் இவரிடம் கேட்டேன். "எல்லாரும் உங்க வாயத்தான் பாக்குறாங்க. கெட்டுப்போச்சுன்னு சொன்னா என்ன குறைஞ்சிரும்?"

"கெட்டுப்போச்சுன்னு எரிச்சா அப்புறம் அந்தக் கொக்கி?"

"காலியா கெடக்கும்."

"காலிக் கொக்கிய ஒப்ரியா எத்தன நாள் விட்டுவப்பாரு?"

அதற்கு மேல் இந்த மனிதரோடு என்ன பேசுவது?

கால் பரவாயில்லை. உப்பைக் குறைத்திருக்கிறேன். கடைக்கு உப்பே வரவில்லை, அதனால் சிரமமும் இல்லை.

தங்கள்,
ரெகினே


ஸ்டைன்பாக்
14 செப்டம்பர் 1952

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நாங்கள் சுகம்.

இந்த மாதத் தொடக்கத்தில் சுகாதார ஆய்வாளர் ஒருவர் ஒப்ரியாவோடு வந்தார். சின்ன வயது, நல்ல பையன் மாதிரிதான் இருந்தார். கோபுரத்துக்குள் போய்த் திரும்பிவந்து, இங்கே டெர்மெஸ்டெஸ் லார்டாரியுஸ் இருக்கிறது, மூன்று பாளங்களையும் உடனே அழிக்க வேண்டும் என்றார். பெயரைச் சொல்லும்போது இரண்டு தடவை தடுக்கியது. கையில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னார். முதுகில் சாம்பல் பட்டை, உத்தரத்தைக் குடையும் என்பதையெல்லாம் அதே வரிசையில் சொன்னார்.

இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. நீ உண்மையைத்தான் எழுதினாய். வண்டும் இருந்தது. உன் கடிதத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன். இனி யாராவது கேட்டால், அந்தப் பெயரை எனக்கு எழுதினவர் ஒருவரும் இல்லை.

பாளங்களை நாங்களே இறக்கினோம். ஆலயத் தோட்டத்தில் கிர்ரெஸும் நானும் எரித்தோம். புகை ஊர் முழுக்கப் போனது. மூன்று வீட்டின் வாசனையும் அதில் இருந்தது. ஸிகேலி வீட்டில் சீரகம் அதிகம் போடுவார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. மார்ச் மாதத்தில் லாரி வந்தபோதும் இப்படித்தான் சாத்திக்கொண்டோம். என் ஜன்னலும் அதில் ஒன்று.

மறுநாள் ஞாயிறு. எங்கள் கொக்கியில் மீதியிருந்த பாளத்தை மூன்றாக வெட்டினேன். கோபுரச் சுவரில் மாட்டியிருக்கும் குறி இரும்புகளில் டோன்ச், ஸிகேலி, ப்ரைட் மூன்றையும் எடுத்து, நெருப்பில் காய்ச்சி, மூன்று துண்டிலும் சூடு போட்டு, அவரவர் கொக்கியில் தொங்கவிட்டேன். கிர்ரெஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஐயா, இது வேண்டாம். இத மட்டும் பண்ணாதீங்க" என்றார். அவர் பயந்தது ஒப்ரியாவுக்கு அல்ல. எனக்கு அது அப்போது புரியவில்லை.

அன்புத் தம்பி,
சீமோன்


ஸ்டாலின் நகரம்
21 செப்டம்பர் 1952

சீமோன்,

அவற்றை இறக்கிவிடு. இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் இறக்கு. காரணம் கேட்காதே, விளக்கமும் எழுதாதே. உனக்கு நாற்பத்து நான்கு வயதாகிறது. குளிரில் உன் நெஞ்சு எப்படி அடைக்கும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அக்கறைப்பட மாட்டார்கள்.

மூன்று துண்டு இறைச்சி. அந்த மூன்று குடும்பமும் எங்கிருந்தாலும் அதைச் சாப்பிடப்போவதில்லை.

நான் வழக்கம்போல வகுப்புக்குப் போய்வருகிறேன்.

ஹெர்மினே


ஸ்டைன்பாக்
19 அக்டோபர் 1952

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அவர் இறக்கவில்லை. பதிலும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். எழுதியிருந்தால் அது உங்களுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

ஒப்ரியா ஒன்றுமே செய்யவில்லை, மதினி. செய்தது நம்முடைய ஆட்கள். மூப்பர்கள் ஐந்து பேரும் ஞாயிறு கறுப்பு உடுப்போடு வீட்டுக்கு வந்தார்கள். நான் பிளம் பழச்சாறு கொடுத்தேன், யாரும் தொடவில்லை. க்ளோஸ்தான் பேசினார்.

"ஐயா, எங்க தாத்தா காலத்துல ஒருத்தன் அடுத்தவன் குறியப் போட்டுட்டான். அவன் மக கல்யாணத்துக்கு ஊர்ல ஒருத்தரும் போகல. செத்தப்பவும் போகல. உங்களுக்குத் தெரியாததா?"

"அவன் எடுக்கிறதுக்காகப் போட்டான், க்ளோஸ். நான் கொடுக்கிறதுக்காகப் போட்டேன்."

"குறி குறிதான். உங்க பன்னி, டோன்ச்சு குறி. பொய்தானே?"

"பொய்தான்."

"போதகர் பொய்ச் சூடு போட்டா, நாளைக்கு என் பாளம் என்னோடதுன்னு நான் எத வச்சுச் சொல்றது?"

"மூணு குடும்பத்த ஏத்திட்டுப் போனப்போ நாம எல்லாரும் ஜன்னலச் சாத்திட்டு உக்காந்திருந்தோமே. அதோட பார்த்தா இது சின்னப் பொய்."

க்ளோஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "நீங்க சொல்றது சரி. ஆனா நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல" என்றார். இவரும் "இல்லதான்" என்றார்.

அவர்கள் சபை மேலிடத்துக்கு எழுதிவிட்டார்கள். கோபத்தில் இல்லை, க்ளோஸ் எழுதுவதற்கு முன் என்னிடமே வந்து சொல்லிவிட்டு எழுதினார். மேலிடத்திலிருந்து பத்தே நாளில் பதில் வந்தது. இதற்கு முன் கூரை ஓட்டுக்கு எழுதி நாலு வருடம் காத்திருந்தோம். விசாரணை முடிகிற வரை உங்கள் தம்பி பிரசங்கம் செய்யக் கூடாது. மூன்று துண்டையும் கிர்ரெஸ் இறக்கி என் சமையலறையில் வைத்துவிட்டுப் போனார், மூன்று குறியோடும். நான் எப்படி அதில் கத்தி வைப்பேன்? துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அவருக்கு இரவில் இருமல் ஆரம்பித்திருக்கிறது. உங்கள் கண் எப்படி இருக்கிறது?

தங்கள்,
ரெகினே


ஸ்டாலின் நகரம்
2 நவம்பர் 1952

அன்புள்ள ரெகினே,

சீமோனுக்குக் கம்பளி உள்ளாடை இரண்டும் இருமல் மருந்தும் தனியாகப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். அவனை அதை இப்போதே உடுத்திக்கொள்ளச் சொல். வீட்டுக்குள்ளும் உடுத்தட்டும். தூங்கும்போதும் உடுத்தட்டும்.

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

ஹெர்மினே


ஸ்டைன்பாக்
7 டிசம்பர் 1952

அன்புள்ள மதினிக்கு,

பார்சல் வந்தது. அவர் அதை உடுத்தியிருந்தார். அந்த ஒன்றைத்தான் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

நவம்பர் கடைசியில் வந்தார்கள். பிரசங்கம் செய்ய உரிமை இல்லாதவர் இப்போது வெறும் குடிமகன்தான் என்றார் ஒப்ரியா. போதகராக இருந்த வரைக்கும் கைவைக்க யோசித்தார்கள் போலிருக்கிறது. உணவுப் பதுக்கல் வழக்கு. சமையலறையில் துணிக்கு அடியில் இருந்த மூன்று துண்டுதான் சாட்சி. கொல்லையில் இருந்த பன்றியையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். இவர் ஜீப்பில் ஏறும்போது, "களிய மூடி வை, ஆறிடும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மதினி, இனி எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள். ஒப்ரியா நேற்று வந்தார். சிறையில் இவருக்கு இருமலோடு இரத்தம் வருகிறதாம். ஒரு வழி இருக்கிறது என்றார். ஜனவரியில் புதுப் பாளங்களைக் கோபுரத்தில் தொங்கவிடும் ஞாயிறன்று, வசந்தத்திலிருந்தே என் தம்பிக்கு மனநிலை சரியில்லை, அவர் சொன்னதும் செய்ததும் நோயில் செய்தது என்று ஊர் முன்னால் நீங்கள் சொன்னால் போதும். சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவார்கள். படுக்கை உண்டு, கணப்பு உண்டு.

"நானே சொல்றேனே" என்றேன்.

"நீங்க பொண்டாட்டி. புருஷனக் காப்பாத்தச் சொல்றீங்கன்னு ஊருக்குத் தெரியும். அந்த அம்மா படிச்சவங்க. ஆலயத்துக்கே போகாதவங்க. அவங்க சொன்னா நம்புவாங்க."

அவருக்கு இதனால் என்ன லாபம் என்று எனக்கும் தெரியும். பைத்தியக்காரன் பேச்சை நம்பித்தான் இத்தனை நாள் நிலத்தைத் தொடாமல் இருந்தோம் என்று ஊர் நினைக்கும். நினைக்கட்டும். டோன்ச்சும் ஸிகேலியும் ப்ரைட்டும் என் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டதில்லை. எனக்கு என் புருஷன் வேண்டும். உயிரோடு வந்து என்னைத் திட்டட்டும், வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருக்கட்டும்.

வாருங்கள், மதினி. உங்கள் கால்களைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்.

தங்கள்,
ரெகினே


ஸ்டாலின் நகரம்
4 ஜனவரி 1953

அன்புள்ள ரெகினே,

பதில் எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். மன்னித்துவிடு. நாற்காலி போட்டுக் கொடுத்த அந்த மரியாதையான மனிதர் இதற்கிடையில் இரண்டு தடவை வந்தார்.

வருகிறேன். பதினேழாம் தேதி மாலை பஸ்ஸில்.

ஹெர்மினே


ஸ்டைன்பாக்
17 ஜனவரி 1953, சனி

அன்புள்ள சீமோன்,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. எங்கே போடுவது என்றும் தெரியாது. உன் மேசையில், உன் பேனாவால் எழுதுகிறேன். ரெகினே அடுத்த அறையில் என் பாவாடைக்கு இஸ்திரி போடுகிறாள். நான் வந்ததிலிருந்து, இஸ்திரிக்கு எழுந்து போகும்வரை, என் கையை விடவே இல்லை. களியில் போடச் சீஸ் எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தாள்.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எழுதுவது வழக்கம். இன்றைக்கு என்னால் அதை எழுத முடியவில்லை.

நாளைக்கு நான் சொல்லத்தான் வந்திருக்கிறேன். பஸ்ஸில் வாக்கியத்தைத் தயார் செய்துவிட்டேன். "என் தம்பிக்கு வசந்தத்திலிருந்து மனநிலை சரியில்லை." ஏழு நொடியில் சொல்லி முடித்துவிடலாம். நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவள் இல்லை, சீமோன். என் வகுப்புக் குழந்தைகளுக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் எத்தனையோ பொய்களைப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன், குரல் நடுங்கியதில்லை. எனக்கு நீ வேண்டும். உன் வார்த்தை எனக்கு வேண்டாம். உன் வார்த்தைக்குக் கணப்பும் படுக்கையும் தேவைப்படாது, உனக்குத் தேவைப்படும்.

க்ளோஸை வழியில் பார்த்தேன். தொப்பியைக் கழற்றினார். "வந்தீங்களா, ஹெர்மினே" என்றார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று ஊருக்கே தெரியும்.

விளக்கில் எண்ணெய் குறைவு. மீதியை நாளை எழுதுகிறேன்.

18 ஜனவரி, ஞாயிறு இரவு, ஸ்டாலின் நகரம்

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மேலிடம் அனுப்பிய புதுப் போதகர் இளைஞர். ஜெபத்துக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவில், ஊரை விட்டுப் போன மூன்று குடும்பங்களின் கொக்கிகள் உரியவர் இல்லாதவை, தேவைப்படும் வீட்டார் எடுத்துக்கொள்ளலாம் என்று வாசித்தார். இன்னொரு காகிதத்தைத் திருப்பி, பாட்டின் எண்ணைச் சொன்னார். நீ எட்டு மாதம் சொல்ல மறுத்ததைச் சொல்ல அவருக்கு ஒரு மூச்சுகூடப் பிடிக்கவில்லை. எல்லாரும் பாடினார்கள்.

பிறகு கோபுரத்தடியில் கூடினோம். கடும் பனி. ஒப்ரியா என் பக்கத்தில் வந்து நின்றார். ரெகினே என் கைமுட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் மாட்டி முடித்ததும் நான் பேச வேண்டும் என்று ஏற்பாடு.

ஒவ்வொரு வீடாகப் பாளத்தைத் தோளில் தூக்கி வந்து மாட்டினார்கள். இந்த வருடம் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களின் பாளங்களும் இருந்ததால் இடம் போதவில்லை. க்ளோஸ் தன் கொக்கியை மகனுக்கு விட்டுவிட்டு, தன் பாளத்தைக் கயிறு கட்டி அதன் அடியிலேயே தொங்கவிட்டார். அவர் பின்னால் வந்த இரண்டு வீட்டாரும் அப்படியே ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டினார்கள். கயிறு தாங்குமா என்று கிர்ரெஸ் இழுத்துப் பார்த்தார்.

ஒப்ரியா கதவருகே போனார். "மூப்பரே, அங்க காலியா இருக்கே. அதுல மாட்டுறதுக்கென்ன?"

"அது என் கொக்கி இல்ல, தோழர்."

"இப்ப அது யாரோடதும் இல்ல. கொஞ்சம் முன்னாடிதானே ஆலயத்துல வாசிச்சாங்க. காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நல்லாத்தான் வாசிச்சாரு புதுப் போதகர். கொக்கி என்னோடது இல்ல."

"அப்ப அந்த மூணு கொக்கியும்..."

"நாலு, தோழர்," என்றார் க்ளோஸ். "போதகர் வீட்டோடதும் சேத்து நாலு."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவர் பக்கம் நகர்ந்து நிற்கவும் இல்லை. பனியில் நின்றபடி காலை மாற்றிக்கொண்டார்கள். உன்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதின அதே மனிதர், சீமோன். எழுதியது தப்பு என்று அவர் இன்றைக்கும் நினைக்கவில்லை.

ஒப்ரியா திரும்பி என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, நீங்க ஏதோ சொல்லணும்னு வந்தீங்களே. சொல்லுங்க."

வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. ரெகினே கையை இறுக்கினாள்.

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல," என்றேன்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. எப்படி அதைச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். கிர்ரெஸ் கோபுரத்தைப் பூட்டினார். ரெகினே என் கையை விட்டாள். எனக்கு முன்னால், தனியாக, வீக்கக் காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மதியம் எனக்குச் சாப்பாடு வைத்தாள், தான் உட்காரவில்லை. பஸ் வருகிற வரை அடுப்பைப் பார்த்தே நின்றாள்.